முகப்பில் வரும் வைஃபையை இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

காரைக்குடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ரூட்டர் மாட்டித் தருவது என் முழுநேர வேலை இல்லை; கூப்பிட்டால் போவேன். கூப்பிடுகிறவர்கள் சொல்வது மட்டும் வருடக்கணக்கில் மாறவே இல்லை. "முகப்புல நல்லா வருது தம்பி, ரெண்டாங்கட்டுக்குப் போனா ஒண்ணுமே இல்ல."

ரூட்டரை வீட்டின் நடுவில் வையுங்கள் என்றுதான் பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அது சரி. நம் பக்கத்து வளவு வீட்டில் (முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று நீளும் செட்டிநாட்டு வீடு) நடுவில் இருப்பது வானம். மழை பெய்தால் தண்ணீர் கொட்டும் முற்றத்தில் ரூட்டரை எங்கே வைப்பது?

அதனால் இந்த மாதிரி வீடுகளுக்கென்று தனியாக எழுதுகிறேன். சின்ன வீடுதான் என்றால் கேபிள் பற்றிய பகுதியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

வைஃபை என்பது ரேடியோ அலை. உங்கள் ரூட்டர் பெட்டி பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் களைத்துவிடும். செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய நம் வீட்டுச் சுவரில் ஒன்றைத் தாண்டும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. மூன்று சுவர் என்றால் மறந்துவிடுங்கள்.

ஆனால் இந்த வீடுகளில் ஒரு வசதி உண்டு. முன்வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவாகப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். கண் போகிற வழியில் அலையும் போகும். முற்றமும் திறந்த வெளிதான்; ஒரு பக்கத் தாழ்வாரத்தில் பெட்டியை மாட்டினால் எதிர்த் தாழ்வாரத்துக்குச் சிரமமில்லாமல் போய்ச் சேரும். ஆகவே பெட்டியை அறைக்குள் வைக்காமல் தாழ்வாரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, சாரல் படாத இடத்தில் மாட்டுங்கள்.

வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய சாமான் அறை வேண்டவே வேண்டாம். பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் தப்பு. கண்ணாடியின் முதுகில் பூசியிருப்பது உலோகம், அலையைத் திருப்பி அடிக்கும். ஒரு வீட்டில் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் தன்னிடம் இருந்த மூன்று மீட்டர் ஒயர் எட்டுகிற இடத்தில், இரும்புப் பெட்டியின் மேலேயே ரூட்டரை உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை இரண்டு அடி தள்ளி, நாலு அடி உயர்த்தி மாட்டியதிலேயே வளவு முழுக்க வந்துவிட்டது. நான் காசு வாங்கவில்லை, காபி மட்டும் குடித்தேன்.

ஒயரா, ரிப்பீட்டரா?

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது ரிப்பீட்டர். பிளக்கில் சொருகினால் போதும், விலையும் குறைவு. ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதோடு, சிக்னல் நன்றாக வரும் இடத்தில் வைத்தால்தான் அது வேலை செய்யும். வராத இடத்தில் வைத்துவிட்டு வரவில்லை என்று திட்டிப் பயனில்லை.

என் யோசனை இதுதான். முகப்பிலிருந்து வளவுக்கு ஒன்று, இரண்டாங்கட்டுக்கு ஒன்று என்று நெட்வொர்க் கேபிள் இழுத்து, ஒவ்வொன்றின் முனையிலும் இன்னொரு ரூட்டரை மாட்டிவிடுங்கள் (அதை அமைப்பது எப்படி என்று கீழே வருகிறது). கேட்6 என்ற வகைக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கும் அது போதும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் நிறையச் சுற்றுகிறது. உள்ளே எட்டு இழை இருக்கும். அதில் சில இழைகள் அறுந்தால் இணைப்பே நின்றுவிடும்; மற்றவற்றில் ஒன்று அறுந்தால் இணைப்பு நிற்காது, ஆனால் வேகம் ஆயிரத்திலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவு) இறங்கிவிடும். "நெட் வருது, ஆனா மெதுவா வருது" என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

தேக்கு நிலையிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் யாரையும் துளை போட விடாதீர்கள். நிலைக்கு மேலே, உத்தரத்தின் ஓரமாகக் கேபிளை ஓட்டலாம். கீழிருந்து பார்த்தால் தெரியாது. மின்சார ஒயர் போகும் பழைய மரப் பட்டிக்குள் இதையும் சேர்த்துத் திணிக்க வேண்டாம். முற்றத்தைக் குறுக்கே கடக்க வேண்டுமானால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளாக வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு கோடையில் உறை பொரிந்து உதிர்ந்துவிடும்.

ரூட்டருக்குள் நுழைவது

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கரில் வைஃபை பெயர், கடவுச்சொல், உள்ளே நுழையும் முகவரி மூன்றும் அச்சிட்டிருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். போனை அந்த வைஃபையில் சேர்த்து, பிரவுசரின் மேலே அந்த எண்ணை அடியுங்கள்.

இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இன்னும் இணையம் வராத வைஃபை என்றால் போன் அதை மதிக்காது; சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. ஆகவே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். அந்த எண்ணைத் தேடல் பெட்டியில் போட்டுத் தேடுகிறவர்களும் உண்டு. முகவரிப் பட்டையில்தான் அடிக்க வேண்டும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுவது. இது வைஃபை கடவுச்சொல் அல்ல, ரூட்டரின் சாவி. பல பெட்டிகளில் நிர்வாகியின் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'அட்மின்' என்றுதான் வரும், அது ஊருக்கே தெரியும்.

அடுத்தது இணைய இணைப்பு, அதாவது வேன் பகுதி (பள்ளிக்கூட வேன் இல்லை, வெளி உலகத்தோடு சேரும் பக்கம்). ஃபைபர் கனெக்‌ஷனில் பெரும்பாலும் பிபிபிஓஇ என்று தேர்ந்தெடுத்து, நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அடிக்க வேண்டும். சில இடங்களில் விலேன் எண் (நிறுவனம் தன் இணைப்பைப் பிரித்தறிய வைக்கும் எண்) ஒன்றும் கேட்கும். இந்த மூன்றையும் மாட்ட வரும் ஆளிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கிளம்பிப் போன பிறகு கேட்டால் கிடைக்க ஒரு வாரம் ஆகும். நிறுவனம் கொடுத்த பெட்டியே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இந்தப் பக்கத்தில் எதையும் தொடாதீர்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கப்பிள்ளை

ரூட்டிங் என்றதும் பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு முகவரி. வீட்டுக்குள் முப்பது கருவிகள் இருக்கும். எது யார் கேட்டது என்று கணக்கு வைத்துப் பிரித்துக் கொடுப்பதுதான் ரூட்டர். அந்தப் பிரிக்கும் வேலைக்குப் பெயர் நாட். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.101, 102 என்று எண் கொடுப்பது டிஹெச்சிபி. கடைக்குக் கணக்கப்பிள்ளை மாதிரி. பெட்டியடியில் இரண்டு கணக்கப்பிள்ளை உட்கார்ந்து ஆளுக்கொரு பேரேடு எழுதினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் ஒரு முறை அப்படி உட்கார வைத்துவிட்டேன். ஒரு வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் விசேஷம்). பங்காளிகள் எல்லாம் முதல் நாள் இரவே வந்தாயிற்று. இரண்டாங்கட்டில் சிக்னல் இல்லை என்றதும் கடையிலிருந்து ஒரு ரூட்டரை எடுத்துப்போய், அவசரத்தில் அப்படியே கேபிளில் சொருகிவிட்டு வந்தேன். காலை ஆறு மணிக்குப் போன். "தம்பி, எனக்கு வருது, அண்ணனுக்கு வரல. அண்ணன் அணைச்சுப் போட்டா அவருக்கு வருது, எனக்கு வரல. என்ன வித்தை இது?" வித்தை ஒன்றுமில்லை. புதுப் பெட்டியும் எண் கொடுக்க ஆரம்பித்திருந்தது. இரண்டுமே தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டது. பாதிப் போன்கள் வெளியே போகும் வழிக்கு, வழியே இல்லாத பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தன. ஆச்சி எனக்கு ஒரு தட்டில் பணியாரத்தை வைத்துவிட்டுத் திட்டினார்கள். அதனால்தான் அந்தப் படைப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சரியான முறை இது. வரிசை முக்கியம்.

இரண்டாவது பெட்டியை வீட்டுக் கேபிளில் சேர்க்காமல் தனியாக மின்சாரம் கொடுத்து, அதன் வைஃபையில் போனைச் சேருங்கள். உள்ளே நுழைந்து லேன் முகவரியை, அதாவது வீட்டுப் பக்க முகவரியை, 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள் (முகப்புப் பெட்டி 192.168.0.1 என்றால் இங்கே வரும் எல்லா எண்களிலும் 192.168.1 என்பதற்குப் பதில் 192.168.0). பெட்டி மறுபடி கிளம்பும். இனி அதற்குள் நுழைய 192.168.1.2 என்றுதான் அடிக்க வேண்டும். அப்புறம் வைஃபை பெயர், கடவுச்சொல், சேனல் (எது என்று கீழே வருகிறது) எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். முதலிலேயே அணைத்துவிட்டால் போனுக்கு எண் கொடுக்க ஆள் இருக்காது, நீங்கள் வெளியே நிற்பீர்கள். (நின்றுவிட்டால் போனின் வைஃபை அமைப்பில் 192.168.1.50 என்று கையால் எண் கொடுத்து நுழையலாம்.) இப்போது கேபிளைச் சொருகுங்கள், ஆனால் லேன் என்று எழுதிய துளையில். தனி நிறத்தில் இருக்கும் வேன் துளையைக் காலியாக விடுங்கள்.

புதிய மாடல்களில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் இவ்வளவும் தானாக நடந்துவிடும்; அதில் எந்தத் துளையில் சொருகினாலும் பெரும்பாலும் பரவாயில்லை. பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது பெட்டிக்கு 192.168.1.3. எண் கொடுக்கும் வேலை முகப்புப் பெட்டியிடம் மட்டும் இருக்கட்டும். அதில் டிஹெச்சிபி எல்லையை 100 முதல் 250 வரை வைத்துவிடுங்கள். சில பெட்டிகளில் 100 முதல் 150 வரைதான் போட்டு வைத்திருப்பார்கள். சாதாரண நாளில் தெரியாது. வீட்டில் விசேஷம் வந்து அறுபது போன் உள்ளே நுழைந்தால் ஐம்பத்திரண்டாவது கருவியிலிருந்து 'ஐபி முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதே பக்கத்தில் லீஸ் நேரம் என்று ஒன்று உண்டு. விசேஷ நாட்களில் அதை 24 மணியிலிருந்து 2 மணி நேரமாகக் குறைத்தால், போனவர்களின் எண் வந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும்.

பிரிண்டர், கேமரா ரெக்கார்டர் போன்றவற்றுக்கு எண் மாறக் கூடாது. 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பக்கத்தில் அந்தக் கருவியின் மேக் எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) போட்டு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். போனுக்கு இதைச் செய்தால் நிலைக்காமல் போகலாம். இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் எண்ணைக் காட்டுகின்றன. அந்த வைஃபைக்கு மட்டும் அதை அணைத்தால் சரியாகும்.

ஸ்டேடிக் ரூட் (இன்னொரு நெட்வொர்க்குக்குப் போகும் வழியைக் கையால் எழுதி வைப்பது) என்று ஒரு பக்கம் கண்ணில் படும். பத்தில் ஒன்பது வீட்டுக்கு அது தேவையில்லை. பின்கட்டை வாடகைக்கோ ஆபீஸுக்கோ விட்டு, அங்கே ஒரு ரூட்டரைத் தனிக் கணக்கப்பிள்ளையாகவே, 192.168.50.1 என்று ஓடவிட்டிருக்கிறீர்கள், அதன் வேன் முகவரி 192.168.1.9 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து இணையத்துக்குப் போக எந்தப் பிரச்சினையும் இல்லை. முகப்பில் இருப்பவர் பின்கட்டுப் பிரிண்டரைத் தொட வேண்டும் என்றால்தான், முகப்பு ரூட்டருக்கு வழி சொல்ல வேண்டும்: சேருமிடம் 192.168.50.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.9. பின்கட்டுப் பெட்டியின் ஃபயர்வாலும் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) அதற்கு அனுமதிக்க வேண்டும். வாடகைக்கு விட்ட இடம் என்றால் அனுமதிக்காமல் இருப்பதே நல்லது.

வைஃபை அமைப்பு

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அப்போதுதான் முகப்பிலிருந்து பேசிக்கொண்டே நடந்தால் போன் தானாகப் பெட்டி மாறும். சேனல் மட்டும் வேறுவேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. முகப்புக்கு 1, வளவுக்கு 6, இரண்டாங்கட்டுக்கு 11 என்று வைத்துவிடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று ஆசை காட்டும். பக்கத்து வீட்டு அலையோடு முட்டிக்கொள்வதுதான் மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு பெட்டிக்கு 36, அடுத்ததற்கு 149, அகலம் 80. நடுவில் 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. அவற்றில் ஒன்றை எடுத்தால் ரூட்டர் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும், இடையில் ரேடார் கேட்டால் இடம் மாறிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வளவில் நின்றுகொண்டு முகப்புப் பெட்டியின் ஒற்றைக் கம்பி சிக்னலையே போன் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதா? முகப்பில் 2.4இன் டிரான்ஸ்மிட் பவரை 'மீடியம்' ஆக்குங்கள். சக்தியைக் குறைத்தால் நன்றாக வரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, செய்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் என்ற பூட்டு முறை. டபிள்யூபிஏ3 இருந்தால் இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். தனி டபிள்யூபிஏ3 வைத்தால் பழைய டிவியும் பிரிண்டரும் வெளியே நிற்கும். டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை முயன்று முயன்று கண்டுபிடித்துவிட முடியும் என்பது 2011லேயே தெரிந்த சங்கதி.

கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. வீட்டு விலாசத்தையும், முகப்பில் சுதையில் எழுதியிருக்கும் வருடத்தையும் சேர்த்துக் கடவுச்சொல் வைத்த வீடுகள் எனக்குத் தெரிந்தே சில உண்டு. தெருவில் நின்று படிக்கக்கூடிய கடவுச்சொல் அது! கடுக்காய், ரயிலடி, ஊஞ்சல் என்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவும் இருக்கும், யாரும் ஊகிக்கவும் முடியாது.

விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' திறந்துவிடுங்கள். அதில் வருகிறவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும். உங்கள் கேமராவும் கணினியும் தெரியாது. ஒரு எச்சரிக்கை: ஆக்சஸ் பாயின்டாக மாற்றிய பெட்டியில் இந்தப் பிரிவினை பல மாடல்களில் வேலை செய்யாது. முகப்பு ரூட்டரில் திறப்பதே உறுதியானது.

பூட்டிய வீட்டின் கேமரா

சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு இங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்க்கிறவர்கள் அதிகம். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரூட்டர் நேராகக் கேமராவுக்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டுக் கொடுங்கள் என்று கேட்பார்கள். முதலில் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையோ, 10 என்றோ தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. அந்தப் பொது முகவரியில் உங்களுக்கென்று கதவு இல்லை, என்ன ஃபார்வர்ட் போட்டாலும் பலிக்காது. பொது முகவரி இருந்தாலும் நான் போட்டுத் தருவதில்லை. கேமரா ரெக்கார்டரை நேராக இணையத்தில் திறந்து வைப்பது, கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிற மாதிரி. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பாருங்கள். அல்லது ரூட்டரிலேயே விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனி வழி) இருந்தால், பொது முகவரியும் இருந்தால், அதன் வழியாக வாருங்கள்.

மின்சாரமும் இடியும்

ரூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வோல்ட்டேஜும் பின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கினால், கரண்ட் போன பிறகும் சில மணி நேரம் தாங்கும். மூன்று பெட்டி வைத்தால் மூன்றுக்கும் வேண்டும். முகப்புப் பெட்டிக்கு மட்டும் வாங்கி வைத்துவிட்டு இரண்டாங்கட்டில் நெட் இல்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஐப்பசியில் இடி இறங்கும்போது அடாப்டரைப் பிடுங்குவது எல்லோருக்கும் தெரியும். முற்றத்தைக் கடக்கும் செம்புக் கேபிளையும் இரண்டு முனையிலும் பிடுங்கிவிடுங்கள். அது போதும் அடி வாங்கித் தர. அடிக்கடி இடி விழும் இடம் என்றால் முற்றத்தைக் கடக்கும் துண்டை மட்டும் ஃபைபராகப் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வைக்கலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் 'பேக்கப்' பொத்தானை அழுத்தி அமைப்பைக் கணினியில் சேமித்து வையுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும், விலேன் எண், நிர்வாகிக் கடவுச்சொல், எந்தக் கட்டில் எந்த முகவரி, எந்தச் சேனல் என்று எழுதி அந்த இரும்புப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ரூட்டரை அதன் மேலேயிருந்து இறக்கியாயிற்று அல்லவா, இனித் திறக்கலாம்.